கொத்தனார் ஏன் கிடைப்பதில்லை? வீடு கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியைச் சுற்றித் தனி வீடுகள் கட்டிக் கொடுப்பதுதான் 20 வருடமாக எனக்குத் தொழில். கடைக்கால் தோண்டும் நாளிலிருந்து பால் காய்ச்சும் நாள்வரை வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்பதில் பாதி, ஆட்களைப் பற்றியதுதான். "இன்னைக்கும் யாரும் வரலையா சார்?" என்று ஆரம்பிக்கும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நிஜமாகவே ஆள் பஞ்சமா, கூலியை ஏற்றுவதற்குச் சொல்லும் சாக்கா?

மண் சுமக்கவும் கல் எடுத்துக் கொடுக்கவும் ஆள் கிடைக்கிறது. காலை 7 மணிக்கு ஆட்கள் கூடி நிற்கும் முனைக்குப் போனால் இன்றைக்கும் 10 பேரைக் கூட்டி வரலாம். அதில் கரணை (கலவையை எடுத்து வைக்கும் கைக்கருவி) பிடிக்கத் தெரிந்தவர் 2 பேர் இருந்தால் நல்ல நாள். வரைபடத்தைப் பார்த்து வேலை செய்யத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கும்) ஆள், டைல்ஸ் போடுபவர், பிளம்பர் என்று இந்த ஐந்துக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்துக் காத்திருக்கிறோம்.

சாக்கும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன். ஒரே மேஸ்திரி 4 இடத்தில் முன்பணம் வாங்கியிருப்பார். எந்த வீட்டுக்காரர் அதிகம் சத்தம் போடுகிறாரோ அங்கே ஆள் போகும். மற்ற 3 இடத்திலும் "ஆள் இல்லை சார்"தான். ஆனால் அப்படிச் செய்தும் அவருக்கு ஐந்தாவது வேலை வந்துகொண்டே இருக்கிறது. ஆள் தாராளமாகக் கிடைத்த காலத்தில் இப்படி ஒரு முறை செய்தாலே அடுத்த வேலை போய்விடும்.

தேர்ந்த கொத்தனார் கட்டினால் என்ன வித்தியாசம்? சுவர் சுவர்தானே?

முதல் வரிசையிலேயே தெரிந்துவிடும். தேர்ந்தவர் செங்கல்லை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப் போட்டிருப்பார். காய்ந்த கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு மூலையிலும் கல் வைத்து, சுவர் செங்குத்தாக வருகிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, நடுவில் நூல் கட்டுவார். கலவையை விரித்துக் கல்லை வைத்து, கரணைக் காம்பால் இரண்டு தட்டு. கல் நூலுக்கு வந்து நிற்கும். புதியவர் ஏழெட்டுத் தட்டு தட்டுவார், அப்புறம் கல்லை எடுத்துவிட்டு மறுபடி கலவை வைப்பார். ஒன்பது அங்குலச் சுவரில் தேர்ந்த கை, இரண்டு கையாளோடு, ஒரு நாளைக்கு 500 கல் பக்கம் கட்டும். புதிய கை அதில் பாதியைத் தொட்டாலே பெரிது.

கட்டிய சுவர் குண்டுக்கு நிற்கவில்லை என்றால் அதைப் பூச்சில்தான் சரிக்கட்ட வேண்டும். 100 சதுர அடிச் சுவருக்கு அரை அங்குலம் பூசினால் 4 கன அடிக்குக் கொஞ்சம் மேல் கலவை போதும். கோணலை மறைக்க ஒரு அங்குலம் பூசினால் 8 கன அடியைத் தாண்டும். சதுர அடிக்கு 20 ரூபாய் குறைவாகக் கேட்ட மேஸ்திரிக்கு நீங்கள் மிச்சம் பிடித்த பணம், எம்-சாண்டாகவும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) சிமென்ட்டாகவும் சுவரில் ஏறி உட்கார்ந்துவிடும்.

கம்பி வேலையில் நஷ்டம் பணத்தோடு நிற்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் மறுநாள் காலை கான்கிரீட் போட வேண்டும். முந்தின மாலை 6 மணிக்கு மேலே ஏறிப் பார்க்கிறேன், பால்கனியில் மெயின் கம்பியெல்லாம் அடியில் படுத்திருக்கிறது. அறைகளின் தளத்தில் நடுப்பகுதிக்குக் கம்பி அடியில்தான் வர வேண்டும். சுவரைவிட்டு வெளியே நீட்டி நிற்கும் பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் இழுப்பு மேல்பக்கம், அதனால் கம்பியும் மேலே வர வேண்டும். கட்டிய பையன் இரண்டு மாதம் முன்புவரை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன். அறையில் கட்டியதைப் பார்த்து அதே மாதிரி பால்கனியிலும் கட்டிவிட்டான். வழக்கமான கம்பி ஆள் வரவில்லை என்று அவனை மேலே ஏற்றியது நான் வைத்த மேஸ்திரி. அவனைத் திட்டி என்ன செய்ய? இரவு 11 மணிவரை பிரித்துக் கட்டினோம். அன்று நான் ஏறிப் பார்க்காமல் வீட்டுக்குப் போயிருந்தால், சென்ட்ரிங் பிரிக்கிற அன்றே பால்கனி யார் தலையிலாவது இறங்கியிருக்கும்.

முன்பெல்லாம் இந்தத் தொழிலை எங்கே கற்றார்கள்?

சைட்டில்தான். மாமாவோ சித்தப்பாவோ கூட்டி வருவார். முதல் வருடம் தண்ணீர் ஊற்றுவது, மணல் சலிப்பது, கலவை போடுவது. சாப்பாட்டு வேளையில் பெரியவர்கள் வேப்பமரத்தடியில் தலைசாய்க்கும்போது பையன் கரணையை எடுத்து நாலு கல் வைத்துப் பார்ப்பான். பிறகு செப்டிக் டேங்க் சுவர், பின்பக்கக் காம்பவுண்ட் என்று யார் கண்ணிலும் படாத இடங்களில் விடுவார்கள். அப்புறம் உள்சுவர். மூலை எடுப்பதும் படிக்கட்டு பிரிப்பதும் கடைசியில்தான் கைக்கு வரும். முழுக் கொத்தனார் கூலி வாங்க நாலைந்து வருடம் ஆகும்.

அந்த நாலைந்து வருடமும் அவன் கெடுத்த கலவைக்கும் இடித்துக் கட்டிய சுவருக்கும் யாரோ செலவு செய்தார்கள், பெரும்பாலும் மேஸ்திரிதான். பையன் தன்னோடு பத்து வருடமாவது இருப்பான் என்ற நம்பிக்கையில் அந்தச் செலவைத் தாங்கினார். இப்போது அரைகுறையாகக் கற்ற ஆறாவது மாதமே அடுத்த தெருவில் "கொத்தனார் கூலி தர்றேன், வா" என்று கூப்பிடுகிறார்கள். அவன் போய்விடுகிறான், போகாமல் என்ன செய்வான்? மேஸ்திரியும் அடுத்த பையனுக்குக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிடுகிறார். சதுர அடிக் கணக்கில் வேலை எடுத்தவருக்கு, கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கையிலிருந்து போகும் காசு. ஆள் குறையக் குறைய, ஆளை உருவாக்கும் இடமும் மூடிக்கொண்டே வருகிறது. என்னைக் கேட்டால் மற்றக் காரணங்களெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கூலி இவ்வளவு ஏறியும் நம் பையன்கள் ஏன் வருவதில்லை?

முதலில், பையன்களே குறைவு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, பீகாரில் 3. பிறந்தவர்களும் கல்லூரிக்குப் போகிறார்கள். 2021-22இல் உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் இந்தியா முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. கொத்தனார் மகன் டிப்ளமோ படிப்பது நல்ல சேதிதான். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனசு வராது, என் மகனையும் நான் கரணை பிடிக்க அனுப்பவில்லை.

படித்து முடித்து மாதம் 15,000 ரூபாய்க்கு ஏசி ஷோரூமில் நிற்பவனைவிட, நாள்கூலி 1,000 ரூபாய் தாண்டிவிட்ட கொத்தனாருக்கு வருமானம் அதிகம். ஆனால் பெண் பார்க்கப் போகும் இடத்தில் "மாப்பிள்ளை என்ன செய்றார்?" என்ற கேள்விக்கு இரண்டில் எது பதிலாக எடுபடும் என்று உங்களுக்கே தெரியும். அந்த 1,000 ரூபாயும் எல்லா நாளும் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிவேலை படுத்துவிடும், மணல் வரவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை, சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்தால் மூன்று மாதம் வருமானம் இல்லை.

நூறு நாள் வேலையும் இலவசமும்தான் ஆட்களைக் கெடுத்துவிட்டதா?

இதை டீக்கடையில் மட்டும் பேசவில்லை. 2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஒரு தொழில்துறைக் கூட்டத்தில் பெரிய கட்டுமான நிறுவனமான எல் அண்ட் டியின் தலைவர் எஸ். என். சுப்ரமணியனும் இதே தொனியில் பேசினார். நலத்திட்டங்களால் தொழிலாளர்கள் ஊரைவிட்டு வரத் தயங்குகிறார்கள், தங்களுக்கு 4 லட்சம் பேர் தேவை, விட்டுப்போகிறவர்களை ஈடுகட்ட வருடத்துக்கு 16 லட்சம் பேரைத் திரட்ட வேண்டியிருக்கிறது என்றார்.

2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதற்காக 1,000 ரூபாயை விடும் கொத்தனாரை நான் இதுவரை பார்த்ததில்லை. கிராமத்தில் வயதானவர்களும் பெண்களும் அந்த வேலைக்குப் போகிறார்கள், அதனால் நமக்குச் சித்தாள் கிடைப்பது குறைந்திருக்கலாம், அதுவரைக்கும் சரி. எனக்கு அந்தப் பேச்சில் உறுத்தியது 4-க்கு 16 என்ற கணக்கு. வந்த ஆள் மூன்று நான்கு மாதத்தில் போய்விடுகிறான் என்றால், ரேஷன் அரிசியைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் படுத்துத் தூங்கிய தகரக் கொட்டகையைப் பார்த்திருக்கலாம்.

இருந்த நல்ல ஆட்கள் எங்கே போனார்கள்?

எண்பதுகளிலேயே வளைகுடாவுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். தென் மாவட்டக் கொத்தனார்களுக்குக் கேரளம் பக்கத்தில் இருந்தது. ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்கில் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 852 ரூபாய், தமிழ்நாட்டில் 501, மத்தியப் பிரதேசத்தில் 279. இந்த மூன்று எண்ணும், யார் எந்தப் பக்கம் ரயில் ஏறுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் சிங்கப்பூர்தான் பெரிய இழுப்பு. அங்கே கட்டுமான வேலைக்குப் போக, பூச்சு, டைல்ஸ், கம்பி, சென்ட்ரிங், பைப் என்று ஏதாவது ஒன்றில் தேர்வு எழுதித் தேற வேண்டும். ஊரில் இதற்கு 'ஸ்கில் டெஸ்ட்' என்றே பெயர். அதற்குப் பயிற்சி கொடுக்கும் மையங்கள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. அப்பா நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார், பையன் மாதக்கணக்கில் தங்கி டைல்ஸ் பதித்துப் பழகுகிறான். அதே பையனை நம் சைட்டில் ஆறு மாதம் பொறுமையாகப் பழகு என்றால் பழக மாட்டான். அங்கே தேர்ச்சிக்கு விலை இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து, அடிப்படைத் தேர்ச்சி உள்ள ஒரு வெளிநாட்டுக் கட்டுமானத் தொழிலாளிக்கு முதலாளி அரசுக்கு மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை கட்டுகிறார். உயர்ந்த தேர்ச்சி உள்ளவருக்கு 500 வெள்ளிதான். ஆளைத் தேற்றிவிட்டால் மாதம் 400 வெள்ளி மிச்சம் என்பதால் முதலாளியே தேற்றப் பார்க்கிறார். நம் ஊரில் கைதேர்ந்தவரை வைத்துக் கட்டினால் யாரும் ஒரு பைசா குறைத்துக்கொள்வதில்லை.

வடமாநிலத்துக்காரர்கள் வந்து நிரப்பிவிட்டார்களே?

பெரிய கட்டடங்களில் நிரப்பியிருக்கிறார்கள். பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட் ஆட்கள் இல்லாமல் சென்னை, கோவை அடுக்குமாடிகள் இன்று எழும்பாது. "அவங்க வேலை சுத்தமா இருக்காது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டைல்ஸ், கிரானைட், ஜிப்சம் பூச்சில் அவர்களில் பலர் நம்மவர்களைவிடக் கைதேர்ந்தவர்கள். தனி வீட்டில் சிக்கல் வேறு. வீட்டுக்கார அம்மா "இந்த ஜன்னலை அரை அடி தள்ளி வை" என்று சொன்னால் அதைப் புரியவைக்க இடையில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அன்றைக்கு வரவில்லை என்றால் ஜன்னல் பழைய இடத்திலேயே இருக்கும்.

இன்னொன்று, அவர்களை நம்பிய வேலை ஊர்ச் செய்தியை நம்பிய வேலை. 2020 ஊரடங்கில் வேலை நின்று, மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டதும் கொட்டகைகள் காலியானதைப் பார்த்தோம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின, ஹோலியும் சேர்ந்துகொள்ளப் பலர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பீகார் பக்கத்துப் பெரிய பண்டிகையான சத் பூஜைக்குப் போனால் திரும்பி வர மூன்று வாரம். நம் ஆட்கள் பொங்கலுக்கும் குலதெய்வக் கும்பிடுக்கும் போவது மாதிரிதான், தூரம் அதிகம் என்பதால் நாளும் அதிகம்.

பெண்கள் ஏன் கொத்தனார் ஆவதில்லை?

விடுவதில்லை, அதனால். என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா சித்தாளாகச் சேர்ந்து 18 வருடம் ஆகிறது. சட்டியில் கலவையை வாங்கிய கையோடு "அண்ணே, தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு" என்று சொல்வார். தப்பாக இருந்ததே இல்லை. அவர் கையில் கரணை கொடுத்துப் பார்க்க எந்தக் கொத்தனாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் ரொம்ப நாள் தோன்றவில்லை. இப்போது என் சைட்களில் டைல்ஸ் இடுக்கு நிரப்புவதும் சின்னச் சின்னப் பூச்சும் அவர் செய்கிறார், கொத்தனார் கூலியில் முக்கால்வாசி கொடுக்கிறேன். முழுசும் கொடுத்தால் கொத்தனார்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் எனக்கு. ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்தில் பெண்களைப் பயிற்றிக் கொத்தனார் ஆக்கினார்கள், 'ராணி மிஸ்திரி' என்று பெயரே வைத்தார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் திட்டத்தின் பெண்கள் குழுவாக வீடு கட்டுகிறார்கள்.

பயிற்சி நிலையங்கள் இல்லையா?

இருக்கின்றன. ஐடிஐயில் கொத்து வேலைக்குத் தனிப் பிரிவே உண்டு, பெரிய கட்டுமான நிறுவனங்களும் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி நடத்துகின்றன. ஐடிஐயில் சேரும் பையன் எலக்ட்ரீசியன், ஃபிட்டர் கிடைக்காவிட்டால்தான் கொத்து வேலைப் பக்கம் திரும்புகிறான்.

இயந்திரமும் ரெடிமேட் சுவரும் வந்தால் தீராதா?

பெரிய திட்டங்களுக்குத் தீரும், தீர்ந்துகொண்டும் இருக்கிறது. சென்னை பெரும்பாக்கத்தில் ஆலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி 1,152 வீடுகள் கட்டினார்கள். 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, 2022 மே மாதம் திறந்துவிட்டார்கள். உங்கள் 1,200 சதுர அடி வீடு 15 அடித் தெருவில் இருந்தால் கிரேன் உள்ளேயே வராது. தனி வீட்டுக்கு நான் ஒப்புக்கொள்வது மூன்று: ரெடிமிக்ஸ் கான்கிரீட், பெரிய அளவு இலேசுக் கற்கள், உள்சுவருக்கு ஜிப்சம் பூச்சு. ஜிப்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஆற்றும் வேலையும் மிச்சம். குளியலறைப் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

நான் வீடு கட்டப் போகிறேன். நல்ல ஆள் கிடைக்க என்ன செய்யலாம்?

நாளைப் பாருங்கள், பஞ்சாங்கத்துக்காக மட்டுமல்ல. வருடத்துக்கு 8 வாஸ்து நாள்தான், ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் புது வேலை தொடங்குவதில்லை. ஆவணி பிறந்ததும் ஊரே ஒன்றாகக் கடைக்கால் தோண்டும், அப்போது மேஸ்திரியின் போன் எப்போதும் பிஸி. வைகாசியிலேயே தொடங்கிவிட்டால் ஆடியில் சுவர் வேலை ஓடும், ஆளும் ஓரளவு சாவகாசமாகக் கிடைப்பார்கள்.

மேஸ்திரியிடம் எத்தனை வருட அனுபவம் என்று கேட்காதீர்கள், எல்லோரும் 20 வருடம் என்பார்கள். இப்போது அவர் வேலை செய்யும், இன்னும் பூசாத ஒரு வீட்டைப் போய்ப் பாருங்கள். செங்கல் இணைப்புகள் மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் வேண்டாம். ஒரு நூலில் கல்லைக் கட்டிச் சுவரோரம் தொங்கவிட்டாலே கோணல் தெரியும். முடிந்த குளியலறை ஒன்று இருந்தால் மூலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தானாக ஓட்டையைத் தேடிப் போகும், இல்லாவிட்டால் உங்கள் காலைச் சுற்றி நிற்கும்.

சுவர் கட்டுவதையும் பூச்சையும் சதுர அடிக்குப் பேசலாம். கம்பி, தண்ணீர்க் கசிவுத் தடுப்பு, குளியலறை டைல்ஸ் இந்த மூன்றையும் நாள்கூலிக்கு விடுங்கள் என்பது என் கருத்து. மேஸ்திரிகளுக்குப் பிடிக்காது. ஆனால் மூடி மறைந்துபோகும் வேலையை அவசரத்தில் செய்ய வைத்தால், நஷ்டம் தெரியவரும்போது அவர் வேறு ஊரில் இருப்பார். சிமென்ட் வேலைக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மட்டும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கொத்தனார் வேண்டியதில்லை.

கடைசியாக, சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குப் பணத்தோடு நில்லுங்கள். "திங்கட்கிழமை தர்றேன்" என்ற வீட்டுக்குத் திங்கட்கிழமை ஆள் வராது. குடிக்க நல்ல தண்ணீர், பெண்களுக்கு ஒதுங்கக் கதவு உள்ள ஒரு கழிப்பறை, 11 மணிக்கும் 4 மணிக்கும் டீ. இவ்வளவும் இருக்கும் சைட்டுக்கு நான் ஆள் தேடி அலைந்ததில்லை.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் என்ன செய்கிறது?

1994இலிருந்து இருக்கிறது. கட்டடச் செலவில் 1 சதவீதத்தைத் தீர்வையாக வசூலித்து, பதிவு செய்தவர்களுக்கு விபத்து நிதி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதில் ஓய்வூதியம் தருகிறார்கள். உங்கள் ஆட்களிடம் அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலர் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள்.

என் பையன் இந்தத் தொழிலுக்கு வருகிறேன் என்கிறான். அனுப்பலாமா?

வருடத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார். அனுப்புங்கள், ஆனால் முனையில் நின்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போக விடாதீர்கள். ஒரே மேஸ்திரியிடம் இரண்டு வருடம் இருக்கச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் கையாள் கூலிதான் வரும், அதற்கு வீட்டில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. டேப், ரசமட்டம், தூக்குக்குண்டு, ஒரு கரணை, நாலும் சொந்தமாக வாங்கிக் கொடுங்கள். இரவல் கரணையைச் சாப்பாட்டு வேளையில் மட்டும்தான் தொட விடுவார்கள்.